எண்ணுக்கும் மூலப்பத்திரம் கேட்டவள்

ஜோதிலட்சுமியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதையை மறைத்ததாக ஆகும். மறைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி இருந்த ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், கடலோரக் கிணற்று நீர் ஆய்வுத் திட்டம் என்று ஓர் அலுவலகம் இயங்கிவந்தது. கோவளத்திலிருந்து கூவத்தூர் வரை கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறதா என்று வாராவாரம் அளப்பது அதன் வேலை. கோவளம், மாமல்லபுரம், புதுப்பட்டினம், கூவத்தூர், கொஞ்சம் உள்ளே தள்ளித் திருக்கழுக்குன்றம் என்று ஐந்து நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மோடம், ஓர் ஆள். அங்கே பதிவாகிற அளவுகள் சாயங்காலம் டெலிபோன் வழியாக எங்கள் சர்வருக்கு வந்து சேரும். அந்தச் சர்வரும் அதில் ஓடிய புரோகிராம்களும் என் பொறுப்பு. என் பெயர் லக்ஷ்மிநாராயணன், எம்.எஸ்சி. தினமும் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து போனவன். கர்வம் கொஞ்சம் கூடுதல்.

1997இல் ஜோதிலட்சுமி டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு வயது, பாலிடெக்னிக் டிப்ளமா, திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். அவள் அப்பா ஜெகதீசன் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தவர். கடற்கரைச் சாலைப் பக்கம் மனைகளுக்குக் கிராக்கி வந்ததும் ஒரு டி.வி.எஸ். 50 வாங்கி, அதில் ஒரு ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு மனைத் தரகராகிவிட்டார். பை நிறையப் பத்திர ஜெராக்ஸ். அவருக்குப் பத்திர பாஷை தகராறு. ஆகவே எட்டாம் வகுப்பிலிருந்தே மகள்தான் படித்துச் சொல்வாள். மற்றப் பெண்கள் வாரப்பத்திரிகை படித்த வயதில் இவள் வில்லங்கச் சான்றிதழ் படித்தாள். அந்தப் படிப்பு எங்கள் ஆபீசுக்கு எவ்வளவு உபயோகப்படப்போகிறது என்று யாருக்குத் தெரியும்?

என் முட்டாள்தனம் 1998 மே மாதம் நடந்தது. புதுப்பட்டினம் நிலையத்தில் தாவீது என்கிற ஆபரேட்டர் இருந்தான். ஒரு நாள் அவன் ஒரு கிணற்றுக்கு 6400 என்று உப்பளவு அனுப்பியிருந்தான். முந்தைய வாரம் அதே கிணற்றில் 610. பயல் சைபர் ஒன்று கூடத் தட்டிவிட்டான் என்று நினைத்து, செங்கல்பட்டில் உட்கார்ந்தபடியே அதை 640 என்று மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதவில்லை.

தாவீது சரியாகத்தான் தட்டியிருந்தான். கடல் நிஜமாகவே அந்தக் கிணற்றுக்குள் வந்துவிட்டது. எங்கள் அறிக்கை 'குடிக்கலாம்' என்று சொல்ல, அந்தத் தெரு ஜனங்கள் இரண்டு வாரம் அந்த உப்புத் தண்ணீரோடு பேஜாரு பட்டார்கள். பழி முழுக்க தாவீது தலையில் விழுந்தது. ஜோதிலட்சுமி மட்டும் தாவீது கையால் எழுதிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேசையாகப் போய் ஒரே கேள்வி கேட்டாள்.

"இங்க 6400ன்னு கீது. கம்ப்யூட்டர்ல 640ன்னு கீது. நடுவுல யார் சார் கை வெச்சது?"

என் மேசைக்கு வந்தபோது நான் தெரியாது என்றேன். இரண்டு நாள் கழித்துத்தான் மனசு கேட்காமல் ஒப்புக்கொண்டேன். என்னைப் பார்த்துக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சார், எங்கப்பா மனை காட்டப் போனா பார்ட்டி மொதல்ல இன்னா கேப்பான்? மூலப்பத்திரம் கீதான்னு கேப்பான். இந்த நிலம் யார் கையிலேந்து யார் கைக்கு வந்துதுன்னு வரிசையா காட்டணும். நடுவுல ஒரு பத்திரம் இல்லன்னா செருப்ப மாட்டிக்கினு போயிக்கினே இருப்பான். நம்ம நம்பருக்கு மூலப்பத்திரம் எங்க சார்?"

"நம்பருக்கு எதுக்கும்மா மூலப்பத்திரம்?"

"ஜனங்க குடிக்கிற தண்ணி சார். மனைய விட மட்டமா?"

அந்த வாரமே ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒரு திட்டம் எழுதிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அளவும் தன் பூர்வீகத்தைச் சுமக்க வேண்டும். எந்தக் கிணறு, எந்தக் கருவி, யார் அளந்தது, எப்போது, எந்த கம்ப்யூட்டரில் ஏறியது எல்லாம் அதில் இருக்க வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. தப்பு வந்தால் அது அப்படியே இருக்கட்டும், திருத்தத்தைக் கீழே புது வரியாக, பெயரும் காரணமும் போட்டு எழுத வேண்டும். ஒரு கிரயப் பத்திரம் முந்தைய பத்திரத்தின் எண்ணைச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைச் சொல்ல வேண்டும்.

கடைசி யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு அப்போதே கணித முறைகள் இருந்தன. ஒரு வரியிலுள்ள அத்தனை எழுத்தையும் எண்ணையும் முந்தைய வரியின் முத்திரையோடு சேர்த்து அரைத்தால் ஒரு புது முத்திரை கிடைக்கும். மேலே எங்கேயோ ஒரு புள்ளியை மாற்றினாலும் கீழே உள்ள அத்தனை முத்திரையும் மாறிப்போகும். நான் மூன்று வாரத்தில் புரோகிராம் எழுதினேன். எழுதிவிட்டு, நாம்தான் பெரிய ஆள் என்று காட்டுவதற்காக ஓர் ஓட்டையையும் சொன்னேன்.

"சர்வர் யார் கையில் இருக்கிறதோ அவன் ஒரு வரியைச் செருகிவிட்டு, கீழே உள்ள எல்லா முத்திரையையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாமே. அப்போது என்ன செய்வாய்?"

அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். மறுநாள் காலை நான் டிபன் பாக்ஸை வைப்பதற்குள் வந்து நின்றாள்.

"சாட்சி சார். சாட்சி கையெழுத்து இல்லாத பத்திரம் உண்டா?"

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒவ்வொரு நிலையமும் பக்கத்து நிலையத்துக்குப் போன் போட வேண்டும். அன்றைய கடைசி முத்திரையில் முதல் எட்டு எழுத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். கேட்பவர் அதைப் பேனாவால் நோட்டில் எழுதிவிட்டு, பிறகு தன் கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். இனி ஒரு நிலையத்தின் கணக்கில் பொய் செருக நினைப்பவன் பக்கத்து ஊர் ஆளின் கையெழுத்தையும் திருட வேண்டும். பேனா எதற்கு என்று நான் கிண்டல் செய்தேன். பேனா இருக்கட்டும் சார் என்றாள்.

முத்திரையில் எண்களோடு ஏ முதல் எஃப் வரை ஆங்கில எழுத்துகளும் வரும். போனில் பி எது, டி எது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். அச்சரப்பாக்கம், பீச், செங்கல்பட்டு, எக்மோர், ஃபோர்ட். டி-க்கு எங்கள் லைனில் ஸ்டேஷன் கிடைக்காததால் தாவீது தன் பெயரையே தானமாகக் கொடுத்தான். ஐந்து மணிக்குப் போனைத் தூக்கினால், "ஏழு, பீச், மூணு, தாவீது" என்று ஒரு குரல் ஏலம் விடுவது கேட்கும்.

ஆபீசில் அவளுக்குப் பத்திரக்காரம்மா என்று பெயர் வந்தது. அதை வைத்தவன் நான்தான். அவள் கோபப்படவில்லை. 2000இல் ஐந்து நிலையத்துக்கும் மேற்பார்வையாளர் ஆனாள். நிலையத்தில் யாராவது லீவு போட்டால் பஸ் பிடித்துப் போய் அவளே அளந்து ஏற்றிவிட்டு வருவாள்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. பிறகு வாசுதேவன் இயக்குநராக வந்தார்.

வாசுதேவன் மரியாதையாகப் பேசக்கூடியவர். அவர் சட்டையில் ஒரு சுருக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை. 2003 தொடக்கத்தில் புதுப்பட்டினத்துக்குத் தெற்கே தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்று ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறவில்லை என்று நாங்கள் சான்று தர வேண்டும். ஆனால் அங்கே ஒரு வருஷத்துக்கு மேலாக உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்றாம் எண் கிணறு நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது.

அந்த ஏப்ரல் முப்பதோடு வாசுதேவன் ஐந்து மணிப் போன் அழைப்பை நிறுத்தினார். வேலை நேரத்தில் அரட்டை என்று சர்க்குலர். மே இரண்டாம் தேதி ஜோதிலட்சுமியின் பாஸ்வேர்டை ரத்து செய்து, அவளைக் கள வேலைக்கு மாற்றி உத்தரவு போட்டார். மே கடைசியில் ஒரு வேன் போய், நிலையங்களில் இருந்த பழைய நோட்டுகளையெல்லாம் கழிவுத் தாள் என்று அள்ளிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர்களில் இருந்த நகல்களை சர்வர் நகலால் புதுப்பிக்கவும் சொன்னார். சொன்னபடி செய்தவன் நான். என் கண்ணில் அப்போது எதுவும் உறுத்தவில்லை.

ஜூனில் எங்கள் சான்று வெளியே போயிற்று. அந்தக் கிணறுகள் எல்லாம் நல்ல தண்ணீர் என்றது சான்று. புதுப்பட்டினம் மீன் மார்க்கெட் பெண்கள் முப்பத்தொன்றாம் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் வைத்து, குடித்துக் காட்டச் சொன்னார்கள். ஒருவரும் குடிக்கவில்லை. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு உத்தரவு வந்தது.

வாசுதேவன் கொஞ்சமும் பதறாமல் சர்வர் பதிவைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அதில் தாவீது ஏற்றிய பெரிய எண்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு திருத்த வரி. கருவிப் பிழை, சரியான அளவு 710. கருவிப் பிழை, சரியான அளவு 690. திருத்தியவர் பெயர் ஜோதிலட்சுமி. 2002 மார்ச் பன்னிரண்டாம் தேதியிலிருந்து 2003 ஏப்ரல் வரை இப்படி வரிகள். அவள் வகுத்த விதிப்படி, பெயரும் தேதியும் காரணமும் போட்டு, அவள் பெயரிலேயே பொய்.

அவளுக்கு சார்ஜ் மெமோ வந்தது. அளவுகளைப் பொய்யாகத் திருத்தியதாகக் குற்றச்சாட்டு. நிரூபணமானால் டிஸ்மிஸ். போலீஸ் வழக்கும் வரலாம். வேலையை விட அவளுக்கு உறைத்தது வேறு. புதுப்பட்டினத்தில் அவளுக்குத் தண்ணீர் சொம்பு நீட்டிய வீடுகள் இப்போது அவளைப் பார்த்தால் கதவைச் சாத்தின. ஊர் வாயில் உப்பை ஊற்றிய பொய்க்காரி என்று ஒருத்தி அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாளாம்.

நான் சர்வரில் முத்திரைகளைச் சரிபார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்றுகூடத் தவறவில்லை. ஐந்து நிலையச் சங்கிலியும் சுத்தம். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவளே செய்திருப்பாளோ என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நிமிஷத்துக்காக வெட்கப்படுகிறேன். அடுத்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. டிஸ்க் கெட்டுப்போனால் உதவும் என்று, எல்லா முத்திரையையும் ஒரே தட்டில் புதிதாகப் போடும் ஒரு கட்டளையை நானே எழுதிவைத்திருந்தேன். அன்று அவளிடம் பீற்றிக்கொண்ட ஓட்டைக்குச் சாவியும் நானே செய்து சர்வரிலேயே தொங்கவிட்டிருக்கிறேன். இயக்குநரின் பாஸ்வேர்டுக்கும் அது திறக்கும்.

அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"அப்ப சாட்சியக் கூப்புடுவோம் சார்."

"நோட்டெல்லாம் வேனில் போயிற்றே அம்மா."

"தர்மராஜ் அண்ணன் குடுத்திருக்க மாட்டாரு."

கூவத்தூர் நிலையத்தின் தர்மராஜ் முன்பு லாரி ஷெட்டில் கிளீனராக இருந்தவர். எதற்கும் ரசீது கேட்கிற மனிதர். இருவரும் பஸ்ஸில் போனோம். அவர் நிலையத்து பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து மேசைமேல் போட்டார்.

"வேன்ல வந்தவன் கேட்டான். வாங்கிக்கினேன்னு கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கினு போன்னேன். அவன் போட மாட்டேன்னுட்டான். நானும் குடுக்க மாட்டேன்னுட்டேன். இப்ப நீங்க எடுத்துக்கினு போறதா இருந்தா இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விசாரணை ஜூலை மாதம், எங்கள் ஆபீஸ் ஹாலில், காலை பத்தரை மணிக்கு. சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரியின் பெயர் ரோகிணி. கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி, ஒவ்வொருவரையும் அதற்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். வாசுதேவன் ஒரு பக்கம், ஜோதிலட்சுமி ஒரு பக்கம். நான் கம்ப்யூட்டர் முன்னால். தாவீது, தர்மராஜ் எல்லோரும் சுவரோரம் நின்றார்கள்.

தர்மராஜின் நோட்டில், 2002 மார்ச் பன்னிரண்டாம் தேதிக்குப் புதுப்பட்டினத்தின் முத்திரை என்று எழுதியிருந்தது ஒன்று. சர்வரில் இருந்தது வேறு. அதற்கு முந்தைய நாள்வரை இரண்டும் ஒன்று. ரோகிணி அம்மாள் நோட்டைப் புரட்டினார். வாசுதேவன் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இது பேனாவால் எழுதிய நோட்டு. போன வாரம் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். எழுதியவர் இந்த அம்மாளுக்கு வேண்டியவர்."

தர்மராஜ் முன்னால் ஓர் அடி வைத்தார். தாவீது அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். ரோகிணி அம்மாள் ஜோதிலட்சுமியைப் பார்த்தார்.

"அவர் சொல்வது நியாயம்தானே. இது அன்றைக்கே எழுதியது என்பதற்கு என்ன ஆதாரம்?"

"பத்திரத்த எழுதினா மட்டும் போதாதுங்க மேடம். பதியணும். பதிஞ்சிதான் வெச்சிருக்கேன். எங்கப்பா வெளிய கீறாரு, கூப்புடலாமா?"

ஜெகதீசன் உள்ளே வந்தார். ரெக்சின் பையிலிருந்து ஓர் இரும்புக் கம்பியை உருவினார். சமையற்கட்டு ஆணியில் தொங்கவிட்டுக் கடுதாசி குத்திவைப்பார்களே, அந்தக் கம்பி. அதில் ஒன்றின்மேல் ஒன்றாக போஸ்ட் கார்டுகள். ஒவ்வொரு மாதக் கடைசி வேலை நாளிலும் ஜோதிலட்சுமி ஐந்து நிலையத்தின் முத்திரைகளையும் ஒரு கார்டில் எழுதி, செங்கல்பட்டுத் தபாலாபீசில் அப்பா பெயருக்குப் போட்டிருக்கிறாள். கார்டின்மேல் தபால் முத்திரை, தேதியோடு. 1999 தொடக்கத்திலிருந்து ஒரு மாதம் தவறவில்லை. எனக்கே அதுவரை தெரியாது.

"எதுக்கும்மா வூட்டுக்கே கடுதாசி போட்டுக்கற, பயித்தியமான்னு இவங்கம்மா பூவாயி கேட்டுக்கினே இருப்பாங்க மேடம்," என்றார் ஜெகதீசன். "கம்பியில குத்தி வெய்யுன்னு இவ சொன்னா. வெச்சோம்."

வாசுதேவன் முதல் முறையாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ரோகிணி அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கார்டுகளைத் தானே கம்பியிலிருந்து கழற்றினார். 2002 பிப்ரவரிக் கார்டில் புதுப்பட்டினத்தின் முத்திரை, சர்வரில் உள்ளது, இரண்டும் ஒன்றே. மார்ச் கார்டு வேறு, சர்வர் வேறு. ஏப்ரல் வேறு. மே வேறு.

"வேறாக இருக்கிறது, சரி. எது உண்மையானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

"அந்தத் திருத்த வரிய எடுத்துட்டு முத்திரைய மறுபடி போட்டா, கார்டுல கீறது அப்படியே வரணுங்க மேடம். வந்தா அது பின்னாடி செருவுனது. வரலன்னா நான் பொய்க்காரி."

ரோகிணி அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சர்வரின் ஒரு நகலில், ஜோதிலட்சுமி பெயரில் இருந்த திருத்த வரிகள் அறுபத்தொன்றையும் எடுத்துவிட்டு முத்திரைகளைப் போட்டேன். மார்ச் கடைசி முத்திரை திரையில் வந்தது.

கார்டில் இருந்தது அது இல்லை.

மறுபடி போட்டேன். அதே தவறான முத்திரைதான் வந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாசுதேவன் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான் சொல்ல என்ன இருக்கிறது, மேடம்," என்றார் அமைதியாக. ரோகிணி அம்மாள் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். ஜெகதீசன் வெறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையை என்னால் பார்க்க முடியவில்லை.

ஜோதிலட்சுமி எழுந்து என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தாள்.

"எத்தினி வரி சார் எடுத்தீங்க?"

"உன் பெயரில் இருந்த எல்லாவற்றையும். அறுபத்தொன்று."

"எல்லாத்தையுமா?" அவள் விரல்விட்டுத் தேதி எண்ணிப் பார்த்தாள். பிறகு விசாரணை அதிகாரி பக்கம் திரும்பினாள். "மேடம், அதுல ஒண்ணு பொய் இல்ல. நெஜமாவே நான் செஞ்ச தப்பு. அந்த வருசம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் தாவீது லீவு. நான்தான் புதுப்பட்டினம் போயி அளந்தேன். முப்பத்தொண்ணாம் கெணத்து அளவ பதிமூணாம் கெணத்துல ஏத்திட்டேன். மறுநாள் பார்த்து திருத்தினேன். மார்ச் இருவத்தேழு. அந்த வரி என்னுதுதான். அத எடுக்கக் கூடாது."

வாசுதேவன் உடனே பிடித்துக்கொண்டார். "பாருங்கள் மேடம். அதே கிணறு. கை வைத்ததை ஒப்புக்கொள்கிறார்."

"ஆமாங்க, ஒத்துக்கறேன்," என்றாள் அவள். "அது என் தப்பு. போடுங்க சார்."

1998இல் ஓர் எண்ணை ஒழுங்குபடுத்தியவன் நான். இப்போதும் அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவள் தப்பையும் சேர்த்துக் கழுவியிருக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்குப் புத்தி வருவது கஷ்டம். அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் போட்டேன். அறுபது போயிற்று, ஒன்று நின்றது. கட்டளையைத் தட்டினேன்.

திரையில் எட்டு எழுத்து வந்தது. ரோகிணி அம்மாள் எழுந்து வந்து கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். எட்டும் ஒன்று.

"அடுத்த கார்டு," என்றார்.

ஏப்ரல் கார்டு, எட்டும் ஒன்று. மே கார்டும் அப்படியே. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒவ்வொன்றுக்கும் தாவீது சத்தமாகப் படித்தான், தர்மராஜ் தன் நோட்டை வைத்துக்கொண்டு "கரெக்ட்" என்றார். டிசம்பர் வந்தபோது அடுத்த அறை குமாஸ்தாக்கள் எல்லாம் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். 2003 ஏப்ரல் முப்பது, கடைசிக் கார்டு. அதுவும் ஒன்று. தர்மராஜ் கடைசிக் "கரெக்ட்"டைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண்ணில் தண்ணீர். மறைக்கவில்லை.

ரோகிணி அம்மாள் உட்கார்ந்தார். பேச்சு இப்போது வாசுதேவனிடம்.

"ஏப்ரல் முப்பதுவரை இந்த அறுபது வரியும் இல்லை. அப்படியானால் அதற்குப் பிறகு செருகியிருக்கிறார்கள். மே இரண்டாம் தேதி இந்த அம்மாளின் பாஸ்வேர்டை ரத்து செய்து உத்தரவு போட்டது யார்?"

உத்தரவு ஃபைலில் இருந்தது. கீழே வாசுதேவனின் அழகான கையெழுத்து.

அந்தச் சான்று ரத்தானது, தண்ணீர்க் கம்பெனிக்கு அனுமதி இல்லை என்றானது, வாசுதேவன் மீது வழக்குப் பதிவானது எல்லாம் அடுத்த இரண்டு மாதத்தில் நடந்தவை. புதுப்பட்டினத்துப் பெண்கள் ஒரு கூடை வஞ்சிரத்தோடு எங்கள் ஆபீஸ் படியேறி வந்ததும், முன்பு முகத்துக்கு நேரே திட்டியவளே ஜோதிலட்சுமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு "தப்பா பேசிட்டேன் கண்ணு" என்றதும் அப்போதுதான். அதற்கு அடுத்த வருஷம் ஐந்து நிலையத்துப் பதிவுகளுக்கும் அவளே முழு அதிகாரி ஆனாள். நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. முத்திரைகளை மொத்தமாக மாற்றும் அந்தக் கட்டளையை சர்வரிலிருந்து எடுப்பதுதான் அவள் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஹாலில் கடைசியாக நடந்தது. மணி இரண்டு ஆகியிருந்தது, யாரும் சாப்பிடவில்லை. ரோகிணி அம்மாள் ஜோதிலட்சுமியின் பணிக் கோப்பைத் திறந்து, சார்ஜ் மெமோ இருந்த தாளை உருவி எடுத்தார். இப்படியொரு குற்றச்சாட்டு வந்ததே பின்னால் யாருக்கும் தெரிய வேண்டாம், உன் கோப்பு சுத்தமாக இருக்கட்டும், இதைக் கிழித்துவிடுகிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஜெகதீசன் கைகூப்பினார்.

ஜோதிலட்சுமி கையை நீட்டி அந்தத் தாளைத் தடுத்தாள்.

"வேணாங்க மேடம். அது அப்படியே இருக்கட்டும். என்னப் பொய்க்காரின்னு சொன்னாங்கன்றதும் நடந்ததுதான். கீழ நீங்க கண்டது இன்னான்னு எழுதுங்க. தேதி போடுங்க. உங்க பேரு போடுங்க."

ரோகிணி அம்மாள் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தாளைக் கோப்பிலேயே திரும்ப வைத்தார். மெமோவின் கீழே இருந்த வெற்றிடத்தில் பேனாவால் எழுதினார். குற்றச்சாட்டு பொய். ஜோதிலட்சுமியின் பதிவுகள் ஒவ்வொன்றும் உண்மை, அவர் செய்த ஒரு பிழை உட்பட. எழுதி, தேதியும் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார். அவள் அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "வா நைனா, சாப்புடப் போலாம், பசிக்குது" என்றாள்.